சட்டகம் யாருடையது?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு விலை கேட்பது இப்போது கணினித் திரையில் நடக்கிறது. மலையில் பறித்த பச்சைக் காய் ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்ந்து, ஏறக்குறைய ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கி, மூட்டையாகி ஏலத்துக்கு வரும்போது அதற்கு ஒரு லாட் எண் விழுகிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். சாம்பிள் காயின் நிறத்தையும் பருமனையும் பார்த்துவிட்டுத் திரையைப் பார்க்கிறார்கள். லாட் எண், மூட்டைக் கணக்கு, எடை, ஏறிக்கொண்டிருக்கும் விலை எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு காலத்தில் வாய்விட்டுக் கேட்ட ஏலம் இது. 2021இல் மேகக் கணிமை முறை வந்த பிறகு, மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி மையத்தில் இருப்பவரும் போடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்க முடிகிறது.

200 கிலோ லாட் ஒன்றில் கைதவறி கிலோவுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கேட்டுவிட்டால் 2,000 ரூபாய் போயிற்று. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் அதே லாட்டின் மதிப்பு 14 லட்சம். இத்தனை பணமும் திரையில் ஒரு செவ்வகத்துக்குள் கைமாறுகிறது. அந்தச் செவ்வகம் எப்படிப் பிறக்கிறது, அதன் அளவையும் இடத்தையும் யார் தீர்மானிக்கிறார்கள், மூடும் பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்பவற்றை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். இதற்காக ஏல அறையின் வேலையை மனத்தில் வைத்து நாமே ஒரு பயிற்சி நிரலை வடிவமைப்போம். பைத்தான் மொழியோடு கூடவே வரும் டிகிண்டர் அதற்குப் போதும்.

இரண்டு கைகள் வரையும் செவ்வகம்

திரையில் தெரியும் பொத்தான், எழுத்துப் பெட்டி, பட்டியல் எல்லாமே கணினியின் கணக்கில் சிறு சிறு சாளரங்கள்தாம். ஒவ்வொன்றும் தன்னைவிடப் பெரிய ஒன்றுக்குள் அடங்கியிருக்கும். அந்த வரிசையில் மேலே போய்க்கொண்டே இருந்தால், வேறெந்தச் சாளரத்துக்குள்ளும் அடங்காமல் நேரடியாகத் திரைப்பரப்பில் நிற்கும் ஒன்றை அடைவோம். அதுதான் மேல்நிலைச் சாளரம். தலைப்புப் பட்டை, ஓரச் சட்டகம், சுருக்கும் பொத்தான், மூடும் பொத்தான் ஆகியவை அதற்கு மட்டுமே வாய்க்கின்றன.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1970களில் ஆல்ட்டோ கணினியில் ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்கள் உருவாயின. 1984இல் மெக்கின்டாஷ் அவற்றைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. 1985இல் வந்த முதல் விண்டோஸ் பதிப்பில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பக்கம் பக்கமாகவே நின்றன; படிய விட்டது 1987இன் இரண்டாம் பதிப்பு. நம் கதைக்கு இவற்றைவிட முக்கியமானது 1984இல் எம்ஐடியில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் சாளர அமைப்பு. சாளரத்தின் சட்டகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை எக்ஸ் தானும் முடிவுசெய்யவில்லை. பயன்பாட்டு நிரலிடமும் விடவில்லை. சாளர மேலாளர் என்ற தனி நிரல் ஒன்றிடம் அதை ஒப்படைத்தது.

இந்தப் பிரிவினையைப் போடிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. மேலே ஏலமலைக் காடுகளில் பயிரிடும் நிலம் வருவாய்த்துறையின் கணக்கில் இருக்கிறது; அதில் நிற்கும் நிழல் மரங்கள் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. மரத்தடியில் எந்தச் செடியை வைப்பது, எப்போது காயெடுப்பது என்பதெல்லாம் விவசாயியின் பாடு. மரத்தில் கோடாரி வைக்க வேண்டுமென்றால் வனத்துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். மேல்நிலைச் சாளரத்திலும் உள்பரப்பு நிரலுக்குச் சொந்தம். பொத்தானையும் பட்டியலையும் விருப்பம்போல் அடுக்கிக்கொள்ளலாம். சட்டகமும், திரையில் சாளரம் நிற்கும் இடமும், யார்மேல் யார் படிவது என்ற வரிசையும் மேலாளரின் ஆளுகைக்கு உட்பட்டவை. நிரல் விண்ணப்பிக்கலாம். ஏற்பதும் மாற்றுவதும் மறுப்பதும் மேலாளரின் கையில்.

விண்டோஸிலும் மேக்கிலும் மேலாளர் தனி நிரலாகத் தெரிவதில்லை, இயங்குதளத்துக்குள்ளேயே கரைந்திருக்கிறது. உறவு மட்டும் ஏறத்தாழ அதுதான். மேல்நிலைச் சாளரத்தை அமைக்கும் கட்டளைகள் உருவத்தில்தான் கட்டளைகள். உண்மையில் அவை வேண்டுகோள்கள். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கருத்தைத்தான் பின்தொடர்கிறது.

முதல் சாளரமும் மற்றவையும்

ஜான் ஊஸ்டர்ஹவுட் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தபோது டிக்கிள் என்ற மொழியையும் அதற்குத் துணையாகச் சாளரங்களையும் பொத்தான்களையும் கட்டித்தரும் டிகே என்ற டூல்கிட்டையும் உருவாக்கினார். டிகிண்டர் என்பது அந்த டிகேவைப் பைத்தானிலிருந்து பயன்படுத்தும் வழி.

நிரல் தொடங்கியதும் ஒரு முதன்மைச் சாளரத்தை உருவாக்குகிறோம். வெளியில் தெரிவது ஒரு வெற்றுச் செவ்வகம். உள்ளே அதோடு சேர்ந்து ஒரு டிக்கிள் மொழிபெயர்ப்பானும் உயிர்பெறுகிறது. இரண்டாவது சாளரம் தேவைப்படும்போது தொடக்கநிலை நிரலாளர் பலர் முதன்மைச் சாளரத்தை உருவாக்கிய அதே கட்டளையை மறுபடியும் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது இரண்டாவது மொழிபெயர்ப்பான் ஒன்று எழுகிறது. ஒன்றில் வைத்த மாறி மற்றொன்றுக்குத் தெரியாது. ஏலச் சாளரத்தில் விலை ஏறும். லாட் பட்டியல் சாளரத்தில் பழைய விலையே நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம். இரண்டாவது சாளரத்துக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் பயன்படுத்த வேண்டியது டாப்லெவல் என்ற வகை. அது முதன்மைச் சாளரத்தின் பிள்ளையாகப் பிறந்து, அதே மொழிபெயர்ப்பானைப் பகிர்ந்துகொள்ளும். முதன்மைச் சாளரம் அழிந்தால் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழியும்.

நம் பயிற்சி நிரலுக்கு மூன்று மேல்நிலைச் சாளரங்கள் போதும். நடப்பு லாட்டைக் காட்டி விலை வாங்கும் ஏலச் சாளரம் முதன்மையானது. அன்றைய லாட்டுகளை வரிசையிட்டுக் காட்டும் பட்டியல் சாளரம் இரண்டாவது. கேட்ட விலை வழக்கத்தைவிடப் பெரிய தாவலாக இருந்தால் ‘இந்த விலைதானா?’ என்று உறுதி கேட்கும் பெட்டி மூன்றாவது.

சாளரத்தை உருவாக்கும் வரி ஓடியதுமே அது திரையில் வந்துவிடுவதில்லை. நிரல் கையிலிருக்கும் வேலையை முடித்து சொடுக்குக்கும் விசைக்கும் காத்திருக்கும் நிகழ்வுச் சுழலுக்குள் நுழைந்து மூச்சுவிடும்போதுதான் டிகே அதைத் திரைக்கு அனுப்புகிறது. அதற்கு முன்பே ‘உன் அகலம் என்ன?’ என்று கேட்டால் ஒரு பிக்சல் என்று பதில் வரும். சாளரத்தைத் திரையின் நடுவில் வைக்கக் கணக்குப் போடுபவர்கள் இந்த ஒன்றை உண்மையென்று நம்பி ஏமாறுவதுண்டு. நிலுவையில் இருக்கும் அமைப்பு வேலைகளை முடிக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகே அளவைக் கேட்க வேண்டும். இன்னும் நல்ல வழி, சாளரத்தை உருவாக்கியதும் மறைத்துவைத்து, உள்ளே எல்லாவற்றையும் அடுக்கி, அளவும் இடமும் தீர்ந்த பிறகு காட்டுவது. அப்படிச் செய்தால் பாதி நிரம்பிய சாளரம் பயனரின் கண்முன் துள்ளி இடம் மாறாது.

அளவும் தமிழும்

சாளரத்துக்கு இரண்டு விதமாக அளவு கிடைக்கலாம். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், உள்ளே இருக்கும் உறுப்புகள் தங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்ல, அவற்றின் கூட்டுத்தொகை சாளரத்தின் இயல்பான அளவாகிறது. நாமே 800க்கு 600 என்று அறிவித்துவிட்டால் அந்த இயல்பு மீறப்படுகிறது. அதன் பிறகு உள்ளே எது வளர்ந்தாலும் சாளரம் வளராது.

ஆங்கிலத்தில் திட்டமிட்ட திரையைத் தமிழாக்கும்போது இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மேலே விசிறியும் கீழே கொக்கியும் போடும் எழுத்துகளுக்கு வரி உயரமும் கூடுதலாக வேண்டும். பிக்சல் கணக்கில் பூட்டிய சாளரத்தில் பொத்தானின் கடைசி எழுத்துகள் வெட்டுப்படும். கடைசியில் இருப்பது ‘உறுதிசெய்’யா ‘உறுதிசெய்யாதே’யா என்பது தெரியாமல் போனால் ஏல அறையில் அதற்கு விலை உண்டு. எனவே அளவை இயல்புக்கு விட்டு, அதை அளந்து, அந்த அளவையே குறைந்தபட்ச அளவாக அறிவிப்பது நல்லது. பயனர் சாளரத்தைப் பெரிதாக்கலாம். எழுத்து வெட்டுப்படும் அளவுக்குச் சிறிதாக்க முடியாது.

பெரிதாக்கும்போது கூடுதலாகக் கிடைக்கும் இடம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். டிகேயின் கட்ட அமைப்பில் ஒவ்வொரு வரிசைக்கும் நெடுவரிசைக்கும் ஓர் எடை கொடுக்கலாம். இயல்பில் எடை பூஜ்யம். அதனால் சாளரம் விரிந்தாலும் உறுப்புகள் இடத்தைவிட்டு அசையாமல் நிற்கும். லாட் பட்டியலுக்கு எடை கொடுத்தால் அது விரிந்து கூடுதல் லாட்டுகளைக் காட்டும். விலைப் பெட்டிக்கு எடை கொடுக்காமல் விட்டால் பழகிய கை பழகிய இடத்திலேயே அதைக் கண்டுகொள்ளும்.

தமிழ் இன்னொன்றையும் வெளிப்படுத்துகிறது. சாளரத்துக்குத் தமிழில் தலைப்பு வைத்தால் அதை வரைவது நிரல் அன்று. மேலாளர்தான் தன் எழுத்துருவால் வரைகிறது. உள்ளே இருக்கும் எழுத்தை வரைவது டூல்கிட். லினக்ஸில் டிகே நெடுங்காலமாகக் கூட்டெழுத்துகளைக் கோக்கும் வசதி இல்லாமலே எழுத்துகளை வரைந்துவந்தது. யூனிகோடில் ஒற்றைக் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னால் வர வேண்டும். கோக்கும் வசதி இல்லாத இடத்தில் அது பின்னாலேயே நின்றுவிடும். தலைப்பில் தமிழ் ஒழுங்காகவும் உள்ளே கொம்பு இடம் மாறியும் தெரிந்தால் குழம்ப வேண்டாம். இரண்டையும் எழுதுவது வேறு வேறு கைகள். ஒரே செவ்வகத்தில் இரண்டு ஆளுகைகள் இருப்பதற்கு அதுவே கண்கூடான சான்று. ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நூலகத்தைக் கொண்டுள்ள கியூட்டி, ஜிடிகே ஆகிய டூல்கிட்டுகளில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ்த் திரை கட்டுபவர் டூல்கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

இடத்தைக் கேட்பது

டிகேயில் அளவுக்குப் பின்னால் கூட்டல் குறியிட்டு இரண்டு எண்களைச் சேர்த்தால் அவை திரையின் இடது ஓரத்திலிருந்தும் மேல் ஓரத்திலிருந்தும் எவ்வளவு தூரம் என்பதைக் குறிக்கும். கழித்தல் குறியிட்டால் வலது ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் அளக்கும். இதுவும் வேண்டுகோள்தான். எக்ஸ் அமைப்பில் சாளரம் திரைக்கு வர விரும்பும் செய்தியும் இடம் மாற விரும்பும் செய்தியும் முதலில் மேலாளரிடமே போகின்றன. அது தன் விதிப்படி இடம் ஒதுக்குகிறது. சாளரங்களைப் பக்கம் பக்கமாக மட்டுமே அடுக்கும் மேலாளர்களும் உண்டு. அவற்றிடம் இடமோ அளவோ கேட்டுப் பெரும்பாலும் பயனில்லை.

2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதன் வழக்கமான நெறிமுறையில் ஒரு நிரல் தன் மேல்நிலைச் சாளரம் திரையில் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லவே வழியில்லை; எங்கே இருக்கிறது என்று அறியவும் வழியில்லை. காரணம் பாதுகாப்பு. எங்கு வேண்டுமானாலும் தோன்ற உரிமை பெற்ற நிரல், வங்கிச் சாளரத்தின் கடவுச்சொல் பெட்டிக்கு மேலே சரியாகத் தன் போலிப் பெட்டியை வைக்க முடியும்.

சாளரம் கடைசியாக இருந்த இடத்தைச் சேமித்து, மறுநாள் அதே இடத்தில் திறப்பது பயனருக்கு உதவியான பழக்கம். ஆனால் நேற்று இரண்டு திரைகள் இருந்து இன்று ஒன்றுதான் இருந்தால், சேமித்த இடம் கண்ணுக்கெட்டாத வெளியில் விழும். நிரல் ஓடும், சாளரம் தெரியாது. சேமித்த எண்ணை இன்றைய திரையின் எல்லையோடு ஒப்பிட்டுப் பார்த்து, எல்லைக்கு வெளியே இருந்தால் அதை மறந்துவிட வேண்டும்.

கவனத்தைப் பறிக்கும் பெட்டி

உறுதி கேட்கும் பெட்டிதான் நம் மூன்று சாளரங்களில் மிகுந்த ஆபத்துடையது. அதை மூன்று படிகளில் அமைக்கிறோம். முதலில், இது ஏலச் சாளரத்தைச் சார்ந்தது என்று மேலாளரிடம் அறிவிக்கிறோம். அதனால் பெட்டி தாய்ச் சாளரத்தின் மேலேயே நிற்கும். தாய் சுருங்கினால் கூடவே சுருங்கும். அடுத்து, பெட்டி திரையில் தெரியும்வரை காத்திருக்கிறோம். தெரியாத சாளரத்துக்கு உள்ளீட்டுப் பிடியைக் கேட்டால் எக்ஸ் அமைப்பில் பிழை வரும். பிறகு பிடியை வாங்குகிறோம். இப்போது நம் நிரலின் மற்றச் சாளரங்கள் சொடுக்கையும் விசையையும் ஏற்கமாட்டா. பெட்டி மூடப்படும்வரை காத்திருக்கும் டிகே கட்டளை தனக்குள் ஒரு நிகழ்வுச் சுழலை ஓட்டுவதால் பின்னால் விலை புதுப்பித்தல் நிற்பதில்லை. அதற்குப் பதிலாக நிரலையே உறங்கவைத்துக் காத்திருந்தால் திரை முழுவதும் உறைந்துவிடும்.

தொழில்நுட்பம் இத்துடன் முடிகிறது. பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. வியாபாரி வேகமாக எண்களைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு பெட்டி குதித்து விசைப்பலகையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. விலைக்காக அடித்த எண்ணும் அதைத் தொடர்ந்த என்டரும் பெட்டிக்குள் விழுகின்றன. ‘ஆம்’ என்பது இயல்பான பொத்தானாக இருந்தால், கேள்வியைப் படிக்காமலே அவர் சம்மதித்தவராகிறார். ஆகவே இந்தப் பெட்டியில் இயல்பான பொத்தான் ‘வேண்டாம்’ ஆக இருக்க வேண்டும். எந்த லாட், எந்த விலை என்பது பெட்டி திறந்த கணத்தில் இருந்தபடியே அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்குள் லாட் மாறிவிட்டால் பெட்டி தானாக மூடிக்கொள்ள வேண்டும்.

பிற நிரல்களிடமிருந்து கவனத்தைப் பறிப்பதை இயங்குதளங்களே இப்போது தடுக்கின்றன. பின்னணியில் இருக்கும் நிரல் முன்னுக்கு வர முயன்றால் விண்டோஸ் பெரும்பாலும் டாஸ்க்பாரில் அதன் பொத்தானை மட்டும் மின்னவைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் உரிமையையும் டிகேயில் கேட்கலாம். ஆனால் இரண்டு நிரல்கள் அதைக் கேட்டால் இரண்டும் எப்படி மேலே நிற்கும்? உண்மையில் தேவைப்படாத இடத்தில் அதைக் கேட்காமல் இருப்பது பயனருக்குச் செய்யும் மரியாதை.

மூடும் பொத்தான் ஒரு கேள்வி

நிரல் கேட்கும், மேலாளர் முடிவுசெய்யும் என்ற உறவு மூடும் பொத்தானில் தலைகீழாகிறது. அந்தப் பொத்தான் சட்டகத்தில் இருப்பது, அதாவது மேலாளருடையது. அதை அழுத்தியதும் மேலாளர் சாளரத்தை அழித்துவிடுவதில்லை. ‘உன்னை மூடச் சொல்கிறார்கள்’ என்ற செய்தியை நிரலுக்கு அனுப்புகிறது. இப்போது வேண்டுகோள் மேலாளருடையது, முடிவு நிரலுடையது.

நாம் எதுவும் சொல்லிவைக்காவிட்டால் டிகே அந்தச் சாளரத்தை அழித்துவிடும். சொல்லிவைத்தால் நம் செயற்கூறு ஓடும். பட்டியல் சாளரத்துக்கு அழிப்பதைவிட மறைப்பதே பொருத்தம். அடுத்த முறை நூற்றுக்கணக்கான வரிகளை மீண்டும் கட்டாமல் உடனே காட்டலாம். ஏலச் சாளரத்தில் ஒரு கேட்பு பதில் வராமல் நிலுவையில் இருந்தால் அதைச் சொல்லி உறுதி கேட்கலாம். கேட்பு எதுவும் இல்லாதபோது மறுபேச்சில்லாமல் மூடிவிட வேண்டும். தேவையில்லாமல் ‘உண்மையாகவா?’ என்று கேட்கும் நிரல், தேவையான நாளிலும் படிக்காமல் ‘ஆம்’ அழுத்தப் பயனரைப் பழக்கிவிடுகிறது.

மின்சாரம் போனால் இந்தச் செய்தி எதுவும் வராது. நிரல் பதில் சொல்லாமல் முடங்கினால் இயங்குதளம் அதை வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும். ஆகவே கேட்ட விலையின் பதிவு சாளரம் ஒழுங்காக மூடப்படுவதை நம்பி இருக்கக் கூடாது. கேட்ட கணத்திலேயே அது வழங்கியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

சட்டகமே வேண்டாம் என்றால்

மேலாளரைத் தாண்டிப்போகவும் டிகேயில் ஒரு வழி உண்டு. ‘இந்தச் சாளரத்தைக் கண்டுகொள்ளாதே’ என்று அறிவிக்கலாம். சட்டகமும் தலைப்பும் மூடும் பொத்தானும் போய்விடும். கேட்ட இடத்திலேயே சாளரம் நிற்கும். அதோடு பயனர் அதை நகர்த்த முடியாது. டாஸ்க்பாரில் தேட முடியாது. சில சூழல்களில் விசைப்பலகைகூட அதனிடம் வராது. சுட்டியை வைத்தால் தோன்றி மறையும் குறிப்புச் சீட்டுக்கும் கீழிறங்கும் பட்டிக்கும் அந்த வழி சரி. நாள் முழுக்க ஒருவர் வேலைசெய்யும் சாளரத்துக்கு அது தகாது.

ஏல அறைச் சுவரில் எல்லோரும் பார்க்கும் பெரிய திரை ஒன்றை அமைக்க வேண்டுமென்றால் முழுத்திரைப் பண்பைக் கேட்கலாம். அப்போது மேலாளரே சட்டகத்தை அகற்றி, திரையின் உண்மையான அளவுக்கு நம் சாளரத்தை விரித்துத் தரும். பலன் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் இங்கே மேலாளர் உடனிருக்கிறது. வெளியேற ஒரு விசையை மட்டும் நாம் மறக்காமல் வைத்துவிட வேண்டும்.

கேட்டு, பெற்று, சரிபார்த்து

கேட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் நிரல் எழுதியவரின் மேசையில் மட்டுமே நன்றாக ஓடும். கேட்டபின் கிடைத்தது எவ்வளவு என்று பார்த்து, கிடைத்ததற்குள் தன்னை அமைத்துக்கொள்ளும் நிரலே ஊருக்கு ஊர், திரைக்குத் திரை தாக்குப்பிடிக்கும். திரையின் முன் இருப்பவர் இந்த டூல்கிட்டைத் தேர்ந்தெடுத்தவர் இல்லை; மேலாளர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. விலையை அடித்தால் அந்த விலை அந்த லாட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டுமே அவர் எதிர்பார்ப்பு. அது முழுக்க நியாயமானது.

அதனால் பயிற்சி நிரலை முடித்தவர் நான்கு சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும். திரையின் எழுத்தளவை ஒன்றரை மடங்காக்கி எல்லாப் பொத்தான்களும் முழுதாகத் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். சாளரத்தை இரண்டாவது திரையில் விட்டு மூடி, அந்தத் திரையைக் கழற்றிவிட்டு மறுபடி திறக்கலாம். விலையை வேகமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போதே உறுதிப் பெட்டியை வரவைத்து, எண்கள் எங்கே விழுகின்றன என்று கவனிக்கலாம். கேட்பு ஒன்று நிலுவையில் இருக்கும்போது மூடும் பொத்தானை அழுத்தலாம். நான்கிலும் தேறிய சாளரத்தின் மேல் ஒருவர் தன் பணத்தை நம்பி வைக்கலாம்.

காத்திருக்கும்போதும் விலை ஓடிக்கொண்டிருக்கச் செய்யும் நிகழ்வுச் சுழலை இங்கே பெயரளவில்தான் தொட்டோம். ஒரே நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே செய்யும் அந்தச் சுழல், எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் எப்படித் தோன்றச் செய்கிறது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பிரித்துப் பார்க்கலாம்.